விரட்டியது யாரை?



சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்காக ஓர் ஊருக்குப் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். பயான் முடிந்ததும் நம் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் என்னைச் சூழ்ந்து கொண்டார்கள். முகமெல்லாம் வெற்றிக் களிப்பு. "அஸ்ரத், நம்ம ஏரியாவையே சுத்தம் பண்ணிட்டோம்" என்றார்கள்.

என்ன செய்தார்களாம்? பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரவில் நிற்கும் பெண்களுக்கு ஆணுறை கொடுக்கவும், அவர்களை ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போகவும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பெண் வந்து போய்க் கொண்டிருந்தாராம். அவருடைய பையைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, "இனிமேல் இந்தப் பக்கம் வந்தால் நடப்பதே வேறு" என்று விரட்டிவிட்டார்களாம்.

பாராட்டை எதிர்பார்த்து நின்றார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன். "அந்தப் பெண்கள் இப்போது அங்கே நிற்பதில்லையா?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். ஒரு தம்பி மெதுவாகச் சொன்னார்: "நிக்கிறாங்க அஸ்ரத். கொஞ்சம் தள்ளி, ரயில்வே கேட் பக்கம்." "அவர்களைத் தேடி வரும் ஆண்கள்?" அதற்குப் பதில் வரவில்லை.

சகோதரர்களே! பாவம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாவம் செய்ய வருகிறவனும் வந்து கொண்டுதான் இருக்கிறான். போனது யார்? நோயைத் தடுத்துக் கொண்டிருந்த ஒரே ஒருவர் மட்டும் போய்விட்டார். இதுவா சமுதாயச் சேவை?

அந்த இளைஞர்களின் நிய்யத்தில் எனக்குச் சந்தேகமில்லை. வெள்ளம் வந்தால் முதலில் படகோடு இறங்குகிறவர்கள் அவர்கள். நள்ளிரவில் இரத்தம் வேண்டும் என்றால் ஓடி வருகிறவர்கள் அவர்கள். ஆனால் அறியாமையோடு செய்யும் நன்மை சில நேரம் தீமையில் போய் முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"இதையெல்லாம் நம் பத்திரிகையில் எழுத வேண்டுமா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்க்கத்தைக் கற்றுக் கொள்வதற்கு வெட்கம் குறுக்கே வராத பெண்கள் என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

மார்க்கம் யாரை முதலில் கண்டிக்கிறது?

விபச்சாரம் ஹராம். இதில் இரண்டு கருத்து கிடையாது. அதைச் செய்வது இருக்கட்டும், அதன் பக்கமே நெருங்கக் கூடாது என்று அல்குர்ஆன் (17:32) தடுக்கிறது. "பாலியல் தொழில்" என்று இன்று சொல்கிறார்கள். இதை ஒரு தொழிலாக ஏற்க ஒரு மவ்லவியின் நாவுக்கு வராது. அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சொல்லைப் பற்றிச் சண்டை போட்டுக் கொண்டே, சாகிற உயிரை வேடிக்கை பார்ப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்நூர் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்கு வருகிறது. பெண்களுக்கான கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. தண்டனையைச் சொல்லும் 2ஆம் வசனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. நம் ஊர்களில் நடப்பது என்ன? பெண்ணுக்குக் கெட்ட பெயர், ஆணுக்கு "வாலிப வயசு, போகட்டும்" என்ற மன்னிப்பு! இந்தச் சலுகையை எந்தக் கிதாபிலிருந்து எடுத்தீர்கள்?

அதே அத்தியாயத்தின் 33ஆம் வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மதீனாவில் நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை தன்னிடம் இருந்த அடிமைப் பெண்களை விபச்சாரத்துக்கு அனுப்பிப் பணம் பார்த்தான். அந்தப் பின்னணியில்தான் பெண்களை இதில் நிர்ப்பந்திப்பதைத் தடை செய்து வசனம் இறங்கியது. நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களுக்கோ அல்லாஹ்வின் மன்னிப்பும் கருணையும் அங்கே வாக்களிக்கப்பட்டிருக்கின்றன. யாருக்குக் கோபம், யாருக்குக் கருணை என்பதை அல்லாஹ்வே பிரித்துக் காட்டிவிட்டான்.

இன்று அந்த இடத்தில் நிற்கும் பெண்களில் எத்தனை பேர் ஆசைப்பட்டு வந்தவர்கள்? வேலை வாங்கித் தருகிறேன் என்று அழைத்து வந்து விற்கப்பட்டவர்கள், கணவன் கைவிட்டவர்கள், வட்டிக் கடனில் சிக்கியவர்கள், பிள்ளைக்குப் பால் வாங்கக் காசில்லாமல் இறங்கியவர்கள் இவர்களில் உண்டு. நம் சமுதாயத்துப் பெண்களும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கைக்கூலி கேட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், தலாக் சொல்லப்பட்டு ஒரு காசு ஜீவனாம்சம் கிடைக்காதவர்கள் எங்கே போவார்கள் என்று எந்த முத்தவல்லியாவது கணக்கெடுத்தது உண்டா?

1986இல் சென்னையில்...

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் சென்னையில்தான். ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி ஆய்வு செய்தார். விபச்சார வழக்கில் பிடிபட்டு மயிலாப்பூரில் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் 80க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளை எடுத்தார். வைக்க இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டு போனார். ஆறு பெண்களுக்குக் கிருமி இருந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். நாடே அதிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேதனை. நோயிருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. ஒரு பெண்ணுக்கு அந்தக் கிருமி தானாக வந்துவிடுமா? யாரோ ஓர் ஆண் கொடுத்துத்தானே வந்தது? அந்த ஆண்களில் ஒருவரையாவது அடைத்து வைத்தார்களா? அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், தங்கள் மனைவியரிடம்.

அன்று அரசு செய்த தவறும், பேருந்து நிலையத்தில் நம் தம்பிகள் செய்த தவறும் ஒரே தவறுதான். நோயோடு போராடுவதை விட்டுவிட்டு நோயாளியோடு போராடுவது!

நோய் எப்படிப் போகிறது, எப்படி வருகிறது?

எய்ட்ஸ் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கிரந்தி என்கிற சிபிலிஸ், வெட்டை நோய், கிளமிடியா, ஹெர்பிஸ், பி வகை மஞ்சள் காமாலை, கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. எல்லாம் இந்த வழியில் தொற்றுகின்றன. குணப்படுத்தக் கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டும் உலகில் ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் புதிதாகத் தொற்றுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பெண்ணின் உடல் அமைப்பால் ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றுவதே எளிது. அதிலும் வெட்டை, கிளமிடியா போன்றவை பெரும்பாலான பெண்களுக்கு வெளியே எந்த அடையாளமும் காட்டாது. உள்ளே கருக்குழாயை அடைத்து மலடாக்கும். சிபிலிஸின் முதல் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். அது இரத்தத்தில் ஒளிந்திருந்து ஆண்டுகள் கழித்து இருதயத்தையும் மூளையையும் தாக்கும், வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும். இப்படிப் புண் இருக்கும் உடலில் எச்.ஐ.வி. நுழைவது பல மடங்கு எளிது. ஆகவே வெட்டைக்கும் கிரந்திக்கும் மருந்து கொடுப்பதே எய்ட்ஸைத் தடுப்பதில் ஒரு பங்கு.

இந்தப் பெண்கள் ஏன் தங்களைக் காத்துக் கொள்ளவில்லை என்று கேட்கிறீர்களா? ஆணுறை வேண்டாம், கூட நூறு ரூபாய் தருகிறேன் என்று சொல்பவன் ஆண். குடித்துவிட்டு அடிப்பவனும் ஆண். பையில் ஆணுறை இருந்தால் அதையே சாட்சியாக வைத்து வழக்குப் போடுவார்கள் என்று பயந்து எறிந்துவிட்ட பெண்கள் உண்டு. 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது, இப்பெண்களைக் காவல்துறை கண்ணியமாக நடத்த வேண்டும் என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. காவல்துறைக்கே கூடாது என்று நீதிமன்றம் சொன்னதை, நம் தம்பிகள் யாருடைய அதிகாரத்தில் செய்தார்கள்?

சோப்பு, டெட்டால், எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கழுவினால் நோய் வராது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் மெல்லிய தோலைப் புண்ணாக்கி நோய்க்கு வாசலைத் திறந்துவிடும். தேங்காயெண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை பலமிழந்து கிழியும். இவற்றையெல்லாம் அந்தப் பெண்களுக்கு யார் சொல்வது? நம் தம்பிகள் விரட்டிய அந்தச் சகோதரிதான் சொல்லிக் கொண்டிருந்தார்!

தடுக்க முடியுமா? முடிந்திருக்கிறது!

கொல்கத்தாவில் சோனாகாச்சி என்ற பகுதி. நாட்டின் மிகப் பெரிய சிவப்பு விளக்குப் பகுதிகளில் ஒன்று. 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே வேலையைத் தொடங்கினார். வெளியிலிருந்து உபதேசம் செய்ய ஆள் அனுப்பவில்லை. அந்தப் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களுக்குச் சொல்லச் செய்தார். அருகிலேயே மருத்துவமனை வைத்தார். 1992இல் ஆணுறை பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். பத்து ஆண்டுகள் முடிவதற்குள் அது எண்பதைத் தாண்டியது. அதே தொண்ணூறுகளில் மும்பையின் விடுதிகளில் ஏறத்தாழப் பாதிப் பெண்களை எச்.ஐ.வி. பிடித்துக் கொண்டது. சோனாகாச்சியில் அது நூற்றுக்குப் பத்தைச் சுற்றியே நின்றது.

தாய்லாந்தில் 1989இல் விடுதிகளில் நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருந்த ஆணுறைப் பழக்கம், அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய பின் 1993க்குள் தொண்ணூறைத் தாண்டியது. அரசு மருத்துவமனைகளுக்கு வந்த ஆண்களின் பால்வினை நோய்கள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

நம் நாட்டிலும் 2003இல் இந்தப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இருந்த எச்.ஐ.வி., 2017 கணக்கெடுப்பில் இரண்டுக்கும் கீழே வந்தது. தானாக வந்ததா? இரவு நேரத்தில், மழையில், அவமானப்பட்டு, தெருத்தெருவாகப் போன களப்பணியாளர்கள் கொண்டு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உடல் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை என்று அவர்கள் ஒழுங்குபடுத்தியது கொண்டு வந்தது.

"லைசென்ஸ் கொடுப்பதா?"

"அஸ்ரத், ஆணுறை கொடுப்பது விபச்சாரத்துக்கு லைசென்ஸ் கொடுப்பது ஆகாதா? தீமைக்கான வழியை அடைப்பதும் ஷரீஅத் விதிதானே?" என்று ஓதிய தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன்.

வழியை அடைப்பது என்றால் வழி எது என்று பார்க்க வேண்டும். லாட்ஜில் அறை கொடுப்பவன் வழி. பெண்ணைக் கொண்டு வரும் தரகன் வழி. அந்தப் பெண்ணைத் தெருவுக்குத் தள்ளிய கைக்கூலியும் வட்டியும் வழி. இவற்றை அடையுங்கள், நானும் வருகிறேன். ஆணுறை இல்லை என்பதற்காக எவனும் வீடு திரும்பியதில்லை. வெறுங்கையோடு பாவத்தைச் செய்துவிட்டு, நோயையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போகிறான்.

இரண்டு தீங்குகள் எதிரே நிற்கும்போது சிறியதைத் தாங்கிப் பெரியதைத் தடுக்க வேண்டும் என்பதும் நாம் மதரஸாவில் ஓதிய விதிதானே? பாவம் ஒரு தீங்கு. பாவத்தோடு கொலையும் சேர்ந்தால் அது இரண்டு தீங்கு. முதல் தீங்கைத் தடுக்க முடியாத இடத்தில் இரண்டாவதையும் விட்டுவிடுவது எந்த ஃபிக்ஹ்? விபச்சாரம் செய்தவனிடம் "அந்தப் பாவத்திலும் உன் மனைவியைக் கொல்லாதே" என்று சொல்வது பாவத்துக்கு அனுமதி ஆகாது.

உகாண்டா நாட்டில் இதே தயக்கம் இருந்தது. 1989இல் அந்நாட்டு முஸ்லிம் மருத்துவர் சங்கம் மார்க்க அறிஞர்களோடு கூடி எய்ட்ஸுக்கு எதிரான ஜிஹாதை அறிவித்தது. 1992 முதல் பள்ளிவாசல் இமாம்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஆணுறை பற்றிய பேச்சுக்குத் தொடக்கத்தில் எதிர்ப்பு வந்தது. பிறகு, ஒழுக்கமே முதல் கேடயம், அதில் தவறியவனுக்கு இரண்டாவது கேடயம் இது என்ற முறையில் சொல்லிக் கொடுத்தார்கள். இமாம்கள் வீடு வீடாகப் போனார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் செனகலில் 1969 முதலே இந்தப் பெண்களைப் பதிவு செய்து மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். எய்ட்ஸ் வந்தபோது ஆலிம்களும் பிரசாரத்தில் இறங்கினார்கள். அந்நாட்டு மக்களிடையே நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே நின்றுவிட்டது. இவர்களெல்லாம் மார்க்கத்தை விற்றவர்களா?

என் வாயை அடைத்த கேள்வி

இதையெல்லாம் இன்று எழுதும் நான், ஒரு காலத்தில் மிம்பரில் நின்று "எய்ட்ஸ் என்பது அல்லாஹ்வின் தண்டனை" என்று முழங்கியவன்தான். மறைக்க வேண்டியதில்லை. கூட்டமும் தலையாட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பெண்கள் மதரஸாவின் ஆலிமா ஒருவர் மூலம் ஓர் இளம் விதவை என்னிடம் பேச வேண்டும் என்று வந்தார். தாயார் துணைக்கு இருந்தார். கணவர் ஜவுளி வியாபாரி. சரக்கெடுக்க மாதம் இரண்டு முறை வெளியூர் போய் வந்தவர். இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. குளிப்பாட்ட ஊரில் ஒருவரும் வரவில்லையாம். இந்தப் பெண்ணுக்கும் கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் வந்திருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்து அந்தப் பெண் கேட்டார்: "அஸ்ரத், அவரைத் தவிர வேற ஆம்பளை முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்ல. நீங்க பயான்ல சொன்னீங்களே, தண்டனைன்னு. எனக்கு எதுக்குத் தண்டனை?"

ஏழாண்டு ஓதியவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பெருமையாகச் சொன்ன வார்த்தை ஒரு பத்தினியின் தலையில் போய் விழுந்திருந்தது. பிளேக் பரவிய ஊரில் பொறுமையோடு இருந்து அதில் இறந்துபோன முஃமினுக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்று படித்த நான், நோயாளி எல்லோரையும் ஒரே தராசில் போட்டுவிட்டேன். அன்றோடு அந்தப் பயானை விட்டுவிட்டேன்.

அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சகோதரி இன்றும் உயிரோடு இருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியின் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார். அந்தக் குழந்தைக்கு நோய் இல்லை. பத்தாவது படித்து முடித்துவிட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஜவுளி வியாபாரி போன ஊரில், அந்த லாட்ஜுக்கு அருகில் நின்ற பெண்ணின் கையில் அன்று ஆணுறை இருந்திருந்தால்? அவளுக்கு முன்னமே யாராவது பரிசோதனையும் மருந்தும் கொடுத்திருந்தால்? அவன் பாவி ஆகியிருப்பான். தவ்பாவுக்கு நேரம் கிடைத்திருக்கும். நம் சகோதரி விதவை ஆகியிருக்க மாட்டார். பேருந்து நிலையத்தில் நிற்கும் பெண்ணின் ஆரோக்கியமும், உங்கள் வீட்டுப் பெண்ணின் ஆரோக்கியமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. நடுவில் முடிச்சாக இருப்பவன் ஆண்.

வணிகர்களே, உங்களோடு!

நீங்கள் சூரத்துக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் போகிறீர்கள். பாங்காக்குக்கும் துபாய்க்கும் போகிறீர்கள். தோல், துணி, செல்போன் என்று சரக்கு எதுவாக இருந்தாலும் தனிமையும் காசும் இரவும் ஒன்று சேரும்போது ஷைத்தான் மூன்றாவது ஆளாக வந்து உட்காருகிறான். தொழுகையைப் பற்றிக் கொள்ளுங்கள். நல்ல துணையோடு பயணம் செய்யுங்கள். முடிந்தால் குடும்பத்தோடு போங்கள். இதுதான் முதல் மருந்து, ஈடில்லாத மருந்து.

தவறிவிட்டவர் யாராவது இதைப் படிக்கிறீர்களா? உங்கள் பெயரை நான் கேட்கவில்லை. அல்லாஹ்விடம் தவ்பா செய்யுங்கள். கூடவே, வீட்டுக்குப் போகும் முன் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" என்ற பலகை இருக்கிறது. அங்கே எச்.ஐ.வி. சோதனை இலவசம், இரகசியம். பால்வினை நோய்களுக்கு "சுகவாழ்வு மையம்" இருக்கிறது. 1097 என்ற எண்ணுக்குப் பேசினால் பெயர் சொல்லாமலே விவரம் கேட்கலாம். தொற்றிய சில நாட்களிலேயே சோதனை செய்தால் கிருமி தெரியாமல் போகலாம். மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும் செய்ய வேண்டும். அதுவரை மனைவியைக் காப்பது உங்கள் மீது கடமை.

லாட்ஜில் அறை எடுத்து "மேகவெட்டைக்கு ஒரே வாரத்தில் குணம்" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். ஆரம்ப நிலை சிபிலிஸை பென்சிலின் ஊசி ஒன்றே தீர்த்துவிடும். அதற்கு ஆயிரக்கணக்கில் பறிகொடுத்து, நோயையும் முற்றவிட்டு வருகிறவர்கள் ஏராளம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாலு மாத்திரை விழுங்குவதும் கூடாது. அரைகுறை மருந்தால் வெட்டைக் கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறி வருகிறது.

எச்.ஐ.வி. வந்தால் வாழ்க்கை முடிந்தது என்பதும் பழைய கதை. 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட இடங்களில் நம் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவு மூலம் அது மற்றவருக்குத் தொற்றாது. மருந்தில்லாமல் விட்டால் நூறு தாய்மாரில் 15 முதல் 45 பேர் வரை பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடும். மருந்து எடுத்தால் அது ஐந்துக்கும் கீழே வந்துவிடும். நோய்க்கு மருந்தையும் இறக்கியவன் அல்லாஹ் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது இதைத்தானே!

உங்கள் கடையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்நோய் இருப்பது தெரிய வந்தால் வேலையை விட்டு நீக்காதீர்கள். தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், கொசு கடித்தால் இது வராது. மேலும் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, இந்நோயைக் காரணம் காட்டி வேலை, வாடகை வீடு, பள்ளிக்கூடம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிப்பதும், இன்னாருக்கு நோய் என்று வெளியே சொல்வதும் அப்படித்தான்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை

ஒன்று: ஆண்டுக்கு இரண்டு ஜும்ஆவிலாவது இதைப் பற்றிப் பேசுங்கள். பெண்களைத் திட்ட அல்ல, ஆண்களுக்கு எச்சரிக்கை செய்ய.

இரண்டு: நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை தானாக முன்வந்து பரிசோதனை செய்து கொள்ளும் பழக்கத்தை ஊக்கப்படுத்துங்கள். கட்டாயப்படுத்திச் சான்றிதழ் கேட்க வேண்டாம். சட்டமும் இடம் தராது, இரகசியமும் காக்கப்படாது.

மூன்று: இந்நோயில் இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்ட மறுக்காதீர்கள். கையுறை போட்டு, கையில் காயம் இருந்தால் மூடிக் கொண்டு, மருத்துவர் சொல்லும் முறைப்படி குளிப்பாட்டலாம். ஃபர்ளு கிஃபாயாவை ஊரே விட்டால் ஊரே குற்றவாளி.

நான்கு: ஜகாத்தைப் பெறத் தகுதியானவர்களில் கடனில் சிக்கியவர்களையும் அல்லாஹ் (9:60) சேர்த்திருக்கிறான். இந்தப் படுகுழியிலிருந்து வெளியேற நினைக்கும் நம் பெண் ஒருத்தியின் கடனை அடைத்து, ஒரு தையல் மெஷினும் ஆறு மாத வாடகையும் கொடுத்தால் எத்தனை பேர் வெளியே வருவார்கள்! "வெளியே வா" என்று கத்துவது எளிது. வந்தால் உட்கார ஓர் இடம் வைத்திருக்கிறோமா?

ஐந்து: களப்பணியாளர்களைத் தடுக்காதீர்கள். உதவ மனம் வராவிட்டால் வழியையாவது விடுங்கள்.

தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்த விபச்சாரி ஒருத்தியை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். விபச்சாரம் செய்து, தானே வந்து ஒப்புக் கொண்ட ஜுஹைனா கோத்திரத்துப் பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்களே ஜனாஸா தொழ வைத்ததும் தெரியும். இவளுக்கா தொழுகை என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அவளுடைய தவ்பாவை மதீனாவாசிகள் எழுபது பேருக்குப் பங்கிட்டாலும் போதும் என்ற கருத்தில் பதில் வந்ததும் தெரியும். எந்தப் பெண்ணின் முடிவு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. தவ்பா செய்ய அவள் உயிரோடு இருக்க வேண்டும். அவளை உயிரோடு வைக்க வந்தவரைத்தான் நாம் விரட்டியிருக்கிறோம்.

அந்த ஊர்த் தம்பிகளிடம் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அந்தச் சகோதரியின் பையைப் பிடுங்கிக் கொட்டினீர்களே, அது பிறர் பொருள். அடியாரின் உரிமையை அந்த அடியார் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை. அவர் முஸ்லிமா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. தேடிப் போங்கள். கொட்டியதற்கு விலை கொடுங்கள். "தெரியாமல் செய்துவிட்டோம் அக்கா, நாளையிலிருந்து வாருங்கள். யாராவது தொந்தரவு செய்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பிறகு அந்த ரயில்வே கேட் பக்கம் போங்கள். பெண்களை விரட்ட வேண்டாம். அங்கே வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் நம் மஹல்லாவின் வண்டிகள் எத்தனை என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். சுத்தம் செய்ய வேண்டிய இடம் எது என்று அப்போது தெரியும்.

வஸ்ஸலாம்.